ஒரு குல்குலுக்கு எத்தனை கல்வாரி

"இன்னும் என்ன வேணும்?" என்று பிரிஜெட் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு குல்குல் வை" என்றார் மைக்கேல்ராஜ்.

"இப்பதானே ஒரு கை அள்ளி வச்சேன்."

"நல்லா இருக்கு. வை."

கல்யாணமான பிறகு வந்த முதல் கிறிஸ்மஸ் அன்று, பெங்களூர் ஒக்கலிபுரம் வீட்டில் நடந்த பேச்சு இது. மைக்கேல்ராஜுக்கு இது ஒரு சொல்லும் பிசகாமல் நினைவிருக்கிறது. காரணம், அன்று அவர் கேட்க வாயெடுத்தது குல்குல் என்ற அந்தக் கிறிஸ்மஸ் பலகாரத்தை அல்ல. "நீயும் உக்காரு, சேந்து சாப்பிடலாம்" என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சித்தப்பாக்கள் இருவர். அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பெரியவர்கள் சாப்பிட்டு, எல்லாம் முடிந்த பிறகு மருமகள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். புது மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான் என்றால், அடுத்த கிறிஸ்மஸ் வரை பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும். அதனால் வாய்வரை வந்த வார்த்தை கடைசி நேரத்தில் குல்குலாக மாறிவிட்டது. பிரிஜெட் வந்து, குனிந்து, இரண்டு வைத்தாள். வைக்கும் நேரம்வரை பக்கத்தில் நின்றாள். அவள் புடவையில் ஏலக்காய் வாசனை அடித்தது.

அன்று கண்டுபிடித்த வழியை அவர் பிறகு விடவே இல்லை. அவள் பக்கத்தில் வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் எதையாவது கேட்டார். அனுபவத்தில் சில நுணுக்கங்களும் பிடிபட்டன. ஊறுகாய் பிரயோசனமில்லை. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ரசம் பரவாயில்லை. தோசைதான் உத்தமம். ஒவ்வொன்றாகச் சுட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டும். வந்து, போட்டு, "இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அம்மா காலமானாள். மகள் லவினா நர்சிங் படிக்க மங்களூர் போனாள். வீட்டில் வெட்கப்படுவதற்கு ஆள் இல்லாமல் போனபோது, மைக்கேல்ராஜுக்குப் பிரிஜெட்டிடமே வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷமாகக் கேட்காததை இன்றைக்கு என்ன திடீரென்று கேட்கிறீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? எனவே தோசையே தொடர்ந்தது. பீன்யாவில் அவர் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலையின் டாக்டர், சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். வீட்டில் வந்து சொன்னதும் பிரிஜெட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான்தானே போட்டுப் போட்டு உங்களை இப்படி ஆக்கிட்டேன்" என்றாள்.

மைக்கேல்ராஜுக்கு உள்ளே குறுகுறுத்தது. அன்று ராத்திரி அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் சாப்பிட உட்கார்ந்தார். அது தாங்க முடியாமல் போனபோது இன்னொரு தோசை கேட்டார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தேவாலயப் பங்கில் உடல்நலக் கண்காணிப்புக் குழு பிறந்தது.

அதற்கு முந்தைய கிறிஸ்மஸ் நடுச்சாமப் பூசையில், பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு, 'உன்னதங்களிலே' என்று எல்லோரும் எழுந்து மறுபடி உட்கார்ந்த கணத்தில் நடுவில் முறிந்தது. யாருக்கும் அடியில்லை. பெஞ்சு கரையான் அரித்தது என்று தச்சர் சொன்னார். ஆனால் சிரில் சார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கரையான் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது, பாடகர்கள் மேல் எடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

சிரில் சார் ஒரு பெரிய தொழிற்சாலையில் பணியாளர் துறை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மெமோ கொடுக்க ஆளில்லாமல் இரண்டு வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தார். இடையில் கோயில் மெழுகுவத்திச் செலவை ஆராயத் தொடங்கினார். அதிலிருந்து தப்பிக்கத்தான் பங்குச் சாமியார் இந்தக் குழுவுக்கு அனுமதி கொடுத்தார் என்று பேச்சு. கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னால் வரும் திருவருகைக்காலம் தொடங்கி, ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பங்கில் ஒருவர்கூட எடை கூடக்கூடாது என்பது குழுவின் குறிக்கோள். கிறிஸ்மஸுக்கு முன்பே கிறிஸ்மஸை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்றார் சிரில் சார்.

முதல் வேலையாக ஒரு சுற்றறிக்கை எழுதி, கோயிலுக்கு வழக்கமாக அச்சடிக்கும் சின்னப்பாவிடம் கொடுத்தார்கள். சின்னப்பா முப்பது வருஷமாகச் சிலுவைப்பாதைப் புத்தகமும், பெரிய வெள்ளி நோட்டீசும், இறந்தவர்கள் நினைவு அட்டையும் அச்சுக் கோத்துப் பழகியவர். 'கலோரி' என்று கையெழுத்தில் இருந்ததைப் பார்த்து, பாவம், அவசரத்தில் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று, இயேசுவைச் சிலுவையில் அறைந்த மலையின் பெயராகத் தானே திருத்திக்கொண்டார். ஆயிரம் பிரதி வந்து இறங்கியபோது அதில் இப்படி இருந்தது:

'பங்கு மக்கள் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐநூறு கல்வாரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குல்குல் முப்பது கல்வாரி. ஒரு துண்டு பிளம் கேக் முந்நூறு கல்வாரி.'

கேட்டதற்கு, "கல்வாரியை நான் இதுவரைக்கும் தப்பா அடிச்சதே இல்ல சார்" என்று சின்னப்பா உறுதியாகச் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து மக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரும்ப அடித்துவிடலாம் என்று சாமியார் மெல்லச் சொல்லிப் பார்த்தார். சிரில் சார் மைக்கைப் பிடித்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் பணியாளர் துறையில் இருந்தேன். வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றைக்கூட நான் திரும்பப் பெற்றதில்லை. பெற்றிருந்தால் அந்தத் தொழிற்சாலையே நின்றிருக்காது." சற்று நிறுத்தினார். "இப்போது அது இல்லைதான். மூடிவிட்டார்கள். ஆனால் சுற்றறிக்கைகள் எல்லாம் கடைசிவரை சரியாக இருந்தன. ஆகவே இதில் பிழை எதுவும் இல்லை. கலோரி உடம்புக்கு, கல்வாரி ஆன்மாவுக்கு. நாம் இரண்டையும் சேர்த்தே குறைக்கப்போகிறோம்."

அதோடு கலோரி என்ற சொல் எங்கள் பங்கில் வழக்கொழிந்தது. சந்தையில் தேங்காய் பொறுக்கும் பெண்கள் அதில் எத்தனை கல்வாரி இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்கள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை வாசலைத் தாண்டியது. வந்தவர்கள் எல்லோரும் தின்றதையே சொன்னார்கள். சண்டை, பொய், பொறாமை எல்லாம் அந்த டிசம்பரில் ஒக்கலிபுரத்தை விட்டே போய்விட்டதுபோல் இருந்தது. சுவர்த் தகராறில் சொந்தத் தம்பியோடு ஏழெட்டு வருஷமாகப் பேசாத ஒருவர், அரைத் துண்டு கேக்குக்காகக் கண்ணீர் விட்டாராம். சாமியார் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் மூன்று சொல்லச் சொல்லி அனுப்பினார். குழு இதை ஆட்சேபித்தது. நூற்றைம்பது கல்வாரியைக் கரைக்க மூன்று மந்திரம் போதாது, முழுச் செபமாலையையும் வேகமாக நடந்துகொண்டே சொன்னால்தான் கரையும் என்று சிரில் சார் கடிதம் எழுதினார். இனிமேல் உணவு சம்பந்தப்பட்ட பாவங்களுக்குக் குழுவின் ஆட்சேபணையின்மைச் சான்று இல்லாமல் மன்னிப்பு வழங்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. அந்தக் கடிதம் சாமியார் கையில் கிடைத்தபோது அதன் மூலையில் நெய் பட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். நெய் எழுதிய கையிலிருந்து வந்ததா, வாங்கிய கையிலிருந்து வந்ததா என்பது விசாரிக்கப்படவில்லை.

எடை பார்க்க இயந்திரம் வேண்டியிருந்தது. சிட்டி ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்குமே, காசு போட்டால் சிவப்பும் மஞ்சளுமாக விளக்கு சுழன்று சின்ன அட்டை துப்பும் இயந்திரம், அதில் கழித்துக் கட்டிய ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து பங்கு மண்டபத்தில் நிறுத்தினார்கள். அட்டையில் ஒரு பக்கம் எடை இருக்கும். மறுபக்கம் பலன் இருக்கும். இது குழு எதிர்பாராதது. எடை பார்க்க அஞ்சியவர்கள்கூடப் பலன் பார்க்க வந்தார்கள். 'வெளிநாட்டுப் பயணம் உண்டு' என்று பலன் வந்த ஒருவர், எடை கூடியிருந்தும் சந்தோஷமாகப் போனார். ஜோசியம் பார்ப்பது கட்டளைக்கு விரோதம் என்று ஆட்சேபணை எழுந்து, குழு மூன்று முறை கூடி, அட்டையின் எடைப்பக்கத்தை மட்டும் படிப்பது பாவமாகாது என்று தீர்மானித்தது. சிரில் சார் தாமும் ஒருமுறை ஏறிப் பார்த்தார். 'உங்களை எல்லோரும் விரும்புகிறார்கள்' என்று வந்தது. தீர்மானத்தின்படி அவர் அதைப் படித்திருக்க முடியாது. ஆனால் அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் வாரம் மைக்கேல்ராஜுக்கு ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பலன் பக்கத்தில் 'மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்' என்று இருந்தது. அவர் அவசரமாகத் திருப்பிக்கொண்டார்.

விசாரணைக்கு அழைத்தார்கள். ஞானோபதேச வகுப்பறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் மைக்கேல்ராஜ் ஒருவழியாக நுழைந்து உட்கார்ந்தார். எதிரே சுவரில், நல்ல ஆயன் ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிவரும் படம். அதுவும் கொஞ்சம் கொழுத்த ஆடாகத்தான் தெரிந்தது. பிரிஜெட் கதவோரமாக நின்றாள்.

சிரில் சார் குற்றச்சாட்டைப் படித்தார். குடும்பத்தில் விசாரித்ததில், உறுப்பினர் ஒவ்வொரு வேளையும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகத் தெரியவருகிறது. ஏன் கேட்டார்?

மைக்கேல்ராஜ் பசி என்றார்.

"பசி முதல் பரிமாறலோடு போயிருக்க வேண்டும். ருசிக்காகக் கேட்டீர்களா?"

ருசியும் இல்லை என்றார் மைக்கேல்ராஜ். பிரிஜெட்டின் முகம் மாறியதைப் பார்த்து, ருசியாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காகக் கேட்கவில்லை என்று திருத்தினார். அப்படியானால் எதற்காக என்று சிரில் சார் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மைக்கேல்ராஜ் ஆட்டுக்குட்டியைப் பார்த்தார். உண்மை நாக்கு நுனியில் இருந்தது. குழுவினர் ஐந்து பேர், அதில் இரண்டு பேர், ஞானஸ்நானத்தில் அவர் பெயர் வைத்த பிள்ளைகளின் அப்பாக்கள்.

அப்போது பிரிஜெட் முன்னால் வந்தாள். "அவரை ஒண்ணும் கேக்காதீங்க சார். போட்டது நான். தப்பு என் மேலதான்."

அது அப்படியே எழுதிக்கொள்ளப்பட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். அவருக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ரயில்வே பாலத்தடியில் கூட்டமாக இருந்ததால் பிடிக்கவில்லை.

விசாரணையின் பயனாக ஒரு புது விதி வந்தது. அதன் பெயர் ஒரே பரிமாறல். பங்கில் எடை கூடுவதற்கு மூலகாரணம் இரண்டாம் பரிமாறல் என்று குழு கண்டுபிடித்துவிட்டது. இனி மனைவிமார்கள் ஒரே முறைதான் போட வேண்டும். போட்டுவிட்டு, சாப்பிடுகிறவர் கை கழுவும்வரை அந்த அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும். பக்கத்தில் நின்றால் கேட்கத் தோன்றும், கேட்டால் போடத் தோன்றும் என்பது காரணம். மனித மனத்தைப் பற்றி அந்தக் குழு கண்டுபிடித்த ஒரே சரியான உண்மை அதுதான்.

பிரிஜெட் விதியை வார்த்தைக்கு வார்த்தை கடைப்பிடித்தாள். அவள் தப்புக்கு இது பரிகாரம் என்று நினைத்தாள். தட்டில் இரண்டு சப்பாத்தியும் ஒரு கரண்டிக் கீரையும் வைத்துவிட்டு, உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள். தையல் மிஷின் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் வளையல் எப்போதாவது அசையும் சத்தம் கேட்கும். "இன்னும் என்ன வேணும்?" என்ற கேள்வி அந்த வீட்டிலிருந்து போய்விட்டது.

மைக்கேல்ராஜால் இரண்டு சப்பாத்தியையும் சாப்பிட முடியவில்லை. ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றைப் பிய்த்துப் பரப்பி வைத்துவிட்டுக் கை கழுவினார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டார். பிரிஜெட் அந்த ஓட்டையைப் பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு ஏனோ சமையலறையில் வெகுநேரம் துலக்கின பாத்திரத்தையே துலக்கிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் பலகாரத் தட்டு விவகாரம் வந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு தட்டு அனுப்புவது பங்கின் பழைய வழக்கம். குல்குல், ரோஸ் குக்கி, அதிரசம் எல்லாம் வைத்து, பின்னல் துணி போட்டு மூடிப் போகும். வாங்கின வீட்டார் தட்டைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டிச் சர்க்கரையாவது வைப்பார்கள். குழு வழக்கத்தை ஒழிக்கவில்லை. தட்டில் வெள்ளரிக்காய்த் துண்டு வைக்க வேண்டும் என்று மட்டும் மாற்றியது. எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் வெள்ளரிக்காய் போனது. யாரும் தின்னவில்லை. வந்த வெள்ளரிக்காய் பின்னல் துணியோடு அடுத்த வீட்டுக்குப் போனது. பிரிஜெட் சீவி அனுப்பின துண்டுகள் இரண்டு நாள் கழித்து, வாடி, அவளிடமே திரும்பி வந்தன. ஓரத்தில் ஒருவர் அனுதாபப்பட்டு மிளகுப்பொடி தூவியிருந்தார்.

கடைசியில் எல்லாத் தட்டுகளும் ஃபாத்திமா வீட்டில் போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டு ஃபாத்திமா பங்கைச் சேர்ந்தவள் அல்ல, அவளுக்குச் சுற்றறிக்கை செல்லாது. அந்த இரண்டாயிரமாவது வருஷம் ரம்ஜான் நோன்பும் டிசம்பரிலேயே வந்திருந்தது. அவள் வெள்ளரிக்காயை எல்லாம் வாங்கிக்கொண்டு, காலித் தட்டைத் தரக் கூடாது என்ற நம் வழக்கத்தை மதித்து, ஒவ்வொரு தட்டிலும் சமோசா வைத்துத் திருப்பி அனுப்பினாள். சமோசா திரும்பி வர ஆரம்பித்ததும் வெள்ளரிக்காய்த் தட்டுகள் அவள் வீட்டுக்கு இன்னும் மும்முரமாகப் போயின. சிரில் சார் இரண்டு பேரோடு நேரில் போய், ஒத்துழைப்புத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஃபாத்திமா வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டாள். "நாங்க காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல சார். நல்லாத்தான் இருக்கோம். நீங்க மூணு பேரும் ஏன் இப்படி வாடிப்போய் இருக்கீங்க? கொஞ்சம் உக்காருங்க, பாங்கு சொல்லிடுவாங்க" என்றாள். கூடப் போன இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். சிரில் சார் மட்டும் திரும்பி வந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு தட்டைக் கொடுக்க மைக்கேல்ராஜ் அந்த வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. தரையில் பூப்போட்ட துணி விரித்து, ஃபாத்திமாவும் அவள் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே கிண்ணத்தில் கஞ்சி. ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், பேசாமல், பாங்குச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சத்தம் வந்ததும் கணவர் தன் பழத்தை வாயில் போடுவதற்கு முன்னால், அவள் தண்ணீர் டம்ளர் எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதைச் சற்று நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். மைக்கேல்ராஜ் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் வந்துவிட்டார். அன்று அவர் ஒரு சப்பாத்தியும் தின்னவில்லை. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்த வார எடையில் குழு வியந்துபோனது. பங்கிலேயே அதிகமாக இறங்கியவர் மைக்கேல்ராஜ்தான். நேற்றுவரை குற்றவாளியாக இருந்தவர், இப்போது முன்மாதிரி உறுப்பினர் ஆனார். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அவருக்குச் சால்வை போர்த்தி, கையில் ஒரு நீளமான சுரைக்காயைக் கொடுத்தார்கள். ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரமாக நின்று, விழா முடிந்ததும் கொடுக்க வேண்டிய மோர் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிஜெட்டும் அங்கேதான் நின்றாள்.

சிரில் சார் பேசினார். எடை இயந்திரம் பற்றி, வெள்ளரிக்காயின் வெற்றி பற்றி, ஒரே பரிமாறலின் பெருமை பற்றி நெடுநேரம் பேசினார்.

"ஒரே பரிமாறல் என்பது நான் புத்தகத்தில் படித்ததல்ல. என் வீட்டில் நடைமுறையில் இருப்பது. என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மெஸ்ஸிலிருந்து கேரியர் வரும். ஒருமுறை தட்டில் கொட்டிக்கொள்வேன். அதோடு சரி. இந்த ஆறு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டதில்லை. என் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. பார்த்தீர்களா? இதைத்தான் நம் பங்கில் எல்லாக் குடும்பங்களிலும் கொண்டுவர நான் பாடுபடுகிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். சிரில் சாரும் தட்டினார். மைக்கேல்ராஜ் தட்டவில்லை. கையில் சுரைக்காய் இருந்தது.

பிறகு மைக் அவரிடம் வந்தது. வெற்றியின் ரகசியத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் சுவரோரம் பார்த்தார். பிரிஜெட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள், ஆனால் கண் சிவந்திருந்தது. அவளும் இளைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் மிச்சம் வைத்த சப்பாத்தியைப் பார்த்துவிட்டு அவளுக்கு மட்டும் எப்படி இறங்கியிருக்கும்? அவளை யார் எடை பார்த்தார்கள்? அவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"எல்லாம் கல்வாரியாலதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கிறிஸ்மஸ் காலையில் பிரிஜெட் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். லவினாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, வர முடியாது என்று தெரிந்தும், மனசு கேட்காமல், புதுச் சீப்பு வாங்கி, அதன் முதுகில் மாவை உருட்டி, கொஞ்சம் குல்குல் செய்து வைத்திருந்தாள். அதில் பாதியை ஒரு தட்டில் வைத்துத் துணி மூடி, சிரில் சார் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். மெமோ கொடுப்பாரே என்றார் மைக்கேல்ராஜ். "குடுக்கட்டும். பண்டிகை நாள்ல அவருக்கு யார் தட்டு அனுப்பப் போறாங்க?" என்றாள்.

சிரில் சார் லுங்கியில் கதவைத் திறந்தார். உள்ளே மேசையில் ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர், அதுவும் கவிழ்ந்திருந்தது. அவர் துணியை நீக்கிப் பார்த்தார், மறுபடி மூடினார்.

"எத்தனை கல்வாரி?" என்று கடைசியில் கேட்டார்.

"எண்ணல சார்."

சிரில் சார் உள்ளே போனார். தட்டைக் கழுவித் துடைத்து, நடுவில் ஒரு கரண்டிச் சர்க்கரை வைத்துக் கொண்டுவந்தார். இது பதிவில் ஏறாது என்று மட்டும் சொன்னார்.

மைக்கேல்ராஜ் சர்க்கரைத் தட்டை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கவிழ்ந்திருந்த அந்தத் தட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. தன் வீட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அடுப்படியில் ஒரு தட்டு. இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே.

மத்தியானம் பிரிஜெட் சோறு போட்டாள். மட்டன் குழம்பு, இரண்டு துண்டு கறி, முட்டைக்கோஸ். தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு குல்குல். மூன்று ராஜாக்கள் திருநாள் வரை விதி இருக்கிறது என்று நினைவுபடுத்தி, அதற்கு முப்பது கல்வாரி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் திரையை இழுத்தாள்.

மைக்கேல்ராஜ் சோற்றில் கை வைக்கவில்லை. தெருவில் யார் வீட்டிலோ ரேடியோவில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அலமாரியின் கீழ்த்தட்டில் அவள் சாப்பிடும் தட்டு இருந்தது. ஓரம் நசுங்கிய பழைய தட்டு. கல்யாணத்துக்கு வந்த சீர்த் தட்டுகளை எல்லாம் வருகிறவர்களுக்கு வைத்துவிட்டு, இத்தனை வருஷமும் அதில்தான் சாப்பிட்டிருக்கிறாள். அவர் அதை எடுக்கவில்லை. நல்ல தட்டு ஒன்றை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து, தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டுத் திரை அசைந்தது.

"பிரிஜெட்."

"என்னங்க? நான் வரக் கூடாது. நீங்க இன்னும் கை கழுவல."

"வா."

அவள் திரையைப் பாதி விலக்கிக்கொண்டு நின்றாள். மேசையில் இரண்டாவது தட்டைப் பார்த்தாள். யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தாள். பிறகு, விதி மறந்துபோய், பழக்கத்தில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள்.

"இன்னும் என்ன வேணும்?"

இன்னும் ரெண்டு குல்குல் என்று நாக்கு தானாகப் புரண்டது. மைக்கேல்ராஜ் அதை விழுங்கினார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, முதல் கிறிஸ்மஸ் அன்று வாயெடுத்ததைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீ வந்து இங்க உக்காரு. சேந்து சாப்பிடலாம்."